இரண்டு சீட்டில் எழுதப்பட்ட கூட்டணி: ஜப்பானின் கோமெய்தோ கட்சி

2025 அக்டோபர் 10ஆம் தேதி கோமெய்தோ கட்சித் தலைவர் தெத்சுவோ சைத்தோ செய்தியாளர்கள் முன் வந்து, ஆளுங்கூட்டணியை விட்டு விலகுவதாக அறிவித்தார். 26 ஆண்டு உறவு அன்றோடு முடிந்தது. அப்போது 465 பேர் கொண்ட கீழவையில் கோமெய்தோவுக்கு இருந்தது 24 இடம், லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு (இனி லி.ஜ.க.) 196. ஆனாலும் அடுத்த பத்து நாள் டோக்கியோவில் யாருக்கும் தூக்கமில்லை. ஆறு நாள் முன்பு லி.ஜ.க. தலைவராகத் தேர்வான சனே தகாய்ச்சி பிரதமர் ஆவாரா என்பதே சந்தேகமாகிவிட்டது.

24 பேர் உள்ள ஒரு கட்சி போனால் ஏன் இவ்வளவு கலக்கம்? செய்திகளில் "பௌத்த அமைப்பின் ஆதரவு பெற்ற கட்சி" என்று ஒரு வரி வரும், அதோடு சரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு துறவிகள் நடத்தும் கட்சி என்றோ, மத ஆட்சி கேட்கும் கட்சி என்றோ நினைத்தால் வழி தவறிவிடுவோம். கோமெய்தோவின் உண்மையான பலம் அது போட்டியே போடாத தொகுதிகளில்தான் இருந்தது. அது எப்படி என்று பார்க்க முதலில் கட்சிக்குப் பின்னால் உள்ள அமைப்பையும், அப்புறம் ஜப்பானிய வாக்குச்சீட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோக்கா கக்காய்: துறவிகள் இல்லாத பௌத்தம்

சோக்கா கக்காய் என்றால் 'மதிப்பை உருவாக்கும் சங்கம்' என்று பொருள். 1930இல் த்சுனேசபுரோ மகிகுச்சி என்ற பள்ளித் தலைமையாசிரியர் தொடங்கியது. முதலில் அது கல்விச் சீர்திருத்தம் பேசிய ஆசிரியர்களின் சங்கம். பெயரிலேயே 'கல்வி' என்ற சொல்லும் இருந்தது. சமயத்தில் அது 13ஆம் நூற்றாண்டுத் துறவி நிச்சிரெனின் வழியைச் சேர்ந்தது. அந்த வழிக்கு எல்லாவற்றுக்கும் மேலான நூல் ஒன்றுதான்: தாமரைச் சூத்திரம், சமஸ்கிருதத்தில் சத்தர்ம புண்டரீகம். 'நம் மியோஹோ ரெங்கே கியோ' என்று அந்நூலின் பெயரைச் சொல்லி ஓதுவதே அன்றாட வழிபாடு.

போர்க்காலத்தில் ஜப்பானின் பாரம்பரியச் சமயமான ஷின்தோவின் ஆலயத் தாயத்தை ஏற்று வணங்க வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது மகிகுச்சி மறுத்தார். 1943இல் கைதாகி, 1944 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். அவரோடு சிறைக்குப் போன ஜோசெய் தோதா 1945 ஜூலையில் வெளியே வந்து, பெயரிலிருந்து 'கல்வி'யை எடுத்துவிட்டு, அமைப்பை மறுபடி கட்டினார். கட்சி இன்றும் பேசும் சமாதானக் கொள்கைக்கு வேர் இந்தச் சிறைக்கதையில்தான் இருக்கிறது.

1950களில் இந்த அமைப்பில் சேர்ந்தவர்கள் யார் என்பது முக்கியம். கிராமத்தை விட்டு டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் பிழைக்க வந்தவர்கள், சிறு பட்டறைத் தொழிலாளர்கள், சின்னக் கடைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். பெரிய கம்பெனி முதலாளிகளுக்கு லி.ஜ.க. இருந்தது. பெரிய கம்பெனித் தொழிலாளிகளுக்குச் சங்கமும், சங்கத்துக்குப் பின்னால் சோஷலிஸ்ட் கட்சியும் இருந்தன. இரண்டிலும் சேராதவர்களுக்கு, வாரம் முடிந்தால் யாரோ ஒருவர் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து குறை சொல்லி அழக்கூடிய இடமாக சோக்கா கக்காய் கூட்டங்கள் இருந்தன. கட்சி பிற்பாடு கேட்டதெல்லாம் குழந்தை உதவித்தொகை, மருத்துவம், ரொக்க நிவாரணம் என்றே இருப்பதற்குக் காரணம் தத்துவம் மட்டுமல்ல, இந்த ஆட்களும்தான்.

1955இல் உள்ளாட்சித் தேர்தலில் உறுப்பினர்கள் நின்றார்கள். 1956இல் மேலவைக்கு 3 பேர் போனார்கள். 1960இல் மூன்றாம் தலைவரான தைசாகு இகேதா 1964 நவம்பரில் கோமெய்தோவை நிறுவினார். 'கோமெய்' என்றால் நேர்மையும் தெளிவும். 1967இல் முதன்முறை கீழவைக்குப் போட்டியிட்டு 25 இடம், 1969இல் 47 இடம்.

துறவிகள் எங்கே என்று கேட்பீர்கள். சோக்கா கக்காய் நிச்சிரென் ஷோஷு என்ற துறவியர் பிரிவின் இல்லறத்தார் அமைப்பாக இருந்தது. இருவருக்கும் சண்டை முற்றி, 1991 நவம்பரில் துறவியர் பிரிவு சோக்கா கக்காயையே ஒட்டுமொத்தமாக விலக்கி வைத்தது. அதற்குப் பிறகு இது முழுக்க இல்லறத்தார் நடத்தும் இயக்கம். உறுப்பினர்கள் 82.7 லட்சம் குடும்பங்கள் என்பது அமைப்பு நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு. சுறுசுறுப்பாக இயங்குவோர் அதைவிட மிகக் குறைவு என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

சட்டம் இதை எப்படி விட்டது?

ஜப்பான் அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு, எந்த மத அமைப்பும் அரசிடம் சலுகை பெறக் கூடாது, அரசியல் அதிகாரம் செலுத்தவும் கூடாது என்கிறது. மேலோட்டமாகப் படித்தால் கோமெய்தோ இருக்கவே முடியாது. ஆனால் அரசு நெடுங்காலமாகத் தரும் விளக்கம் வேறு. அங்கே 'அரசியல் அதிகாரம்' என்பது சட்டம் இயற்றுவது, வரி போடுவது, தீர்ப்புச் சொல்வது போன்ற அரசுக்கே உரிய அதிகாரம். வேட்பாளரை ஆதரித்துப் பிரசாரம் செய்வது அதில் சேராது. மத நம்பிக்கை உள்ளவர்களுக்கும் மற்றவர்களைப் போல அரசியல் உரிமை உண்டு என்பது அதன் சாரம்.

இந்த எல்லைக்கோடு ஒரு அடி வாங்கித்தான் தெளிவானது. 1969இல் ஒரு அரசியல் விமர்சகர் சோக்கா கக்காயைக் கண்டித்து எழுதிய புத்தகம் கடைக்கு வராமல் தடுக்கப் பதிப்பாளர் மீதும் விற்பனையாளர்கள் மீதும் அழுத்தம் கொடுக்கப்பட்டது வெளியே வந்து பெரிய ரகளையானது. 1970 மே 3ஆம் தேதி இகேதா பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். அமைப்பின் பொறுப்பில் இருப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. அரசியலும் புத்த தர்மமும் ஒன்றாவது பற்றிய சொற்கள் கட்சிக் கொள்கையிலிருந்து போயின.

அன்றிலிருந்து சோக்கா கக்காய் 'ஆதரவு அமைப்பு', கோமெய்தோ தனிக் கட்சி. கணக்குப் புத்தகம் வேறு, நிர்வாகிகள் வேறு. ஆனால் இரண்டு தலைமையகமும் டோக்கியோவின் ஷினனோமச்சி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான். ஜப்பானிய அரசியல் பேச்சில் 'ஷினனோமச்சி என்ன நினைக்கிறது' என்றால் அமைப்பின் தலைமை என்ன நினைக்கிறது என்று அர்த்தம். பிரிவினை காகிதத்தில் மட்டும் என்று எதிரிகள் சொல்வதும், முழுமையானது என்று கட்சி சொல்வதும் இரண்டுமே எனக்கு மிகையாகத்தான் படுகிறது. மசோதாவை ஷினனோமச்சி எழுதுவதில்லை. ஆனால் தேர்தல் நேரத்தில் உழைக்கும் கைகள் அங்கிருந்துதான் வருகின்றன. அந்தக் கைகள் சோர்ந்தால் கட்சி நிற்காது.

பென்சிலும் இரண்டு சீட்டும்

இதுதான் விஷயத்தின் நடுப்பகுதி. ஜப்பானில் வாக்குச்சீட்டில் சின்னம் கிடையாது, முத்திரை குத்துவதும் கிடையாது. மறைப்புக்குள் ஒரு பென்சில் இருக்கும். வேட்பாளர் பட்டியல் எதிரே ஒட்டியிருக்கும். வெற்றுக் கட்டத்தில் பெயரை வாக்காளரே தன் கையால் எழுத வேண்டும். கீழவைத் தேர்தலில் இப்படி இரண்டு சீட்டு. ஒன்றில் தொகுதி வேட்பாளரின் பெயர். இன்னொன்றில் கட்சியின் பெயர். முதல் சீட்டு 289 தொகுதிகளைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, நாட்டை 11 வட்டாரங்களாகப் பிரித்து, 176 இடங்களை விகிதாசாரப்படி பங்கிடுகிறது.

இந்த முறை 1994 சீர்திருத்தத்தில் வந்து 1996இல் முதன்முறை நடந்தது. அதற்கு முன் ஒரு தொகுதியில் பெரும்பாலும் 3 முதல் 5 பேர் ஜெயிக்கலாம். 15 சதவீத வாக்கு இருந்தாலே ஒருவரை உள்ளே அனுப்பிவிடலாம் என்பதால் கோமெய்தோவுக்கு அது வசதி. புதிய முறையில் தொகுதிக்கு ஒருவர்தான். 15 சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கையில் வாக்கு இருக்கிறது, அதை இடமாக மாற்ற வழி இல்லை. மறுபக்கம் லி.ஜ.க.வுக்கு எல்லாத் தொகுதியிலும் வேட்பாளர் இருக்கிறார், ஆனால் பலருக்கு எதிர்க்கட்சியோடு மயிரிழைப் போட்டி. இந்த இரண்டு குறைகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டதுதான் கூட்டணி. பண்டமாற்று இப்படி நடந்தது:

1. கோமெய்தோ ஆள் நிற்காத தொகுதியில், அதாவது ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும், சோக்கா கக்காய் உறுப்பினர் முதல் சீட்டில் லி.ஜ.க. வேட்பாளரின் பெயரை எழுதுவார். இரண்டாவதில் 'கோமெய்'.

2. கைமாறாக அந்த லி.ஜ.க. வேட்பாளர் தன் ஆதரவாளர்களிடம், "தொகுதிக்கு நான், விகிதாசாரத்துக்குக் கோமெய்" என்று கேட்பார். யோசித்துப் பாருங்கள்: ஒலிபெருக்கி வைத்த வண்டியில் நின்றுகொண்டு, இரண்டாவது சீட்டில் என் கட்சிப் பெயரை எழுதாதீர்கள் என்கிறார் ஒரு வேட்பாளர்.

3. பத்து தொகுதி அளவுக்கு லி.ஜ.க. ஆளே நிறுத்தாமல் கோமெய்தோவுக்கு விட்டுக்கொடுக்கும்.

இதன் எடை என்ன? 2024 தேர்தலில் கோமெய்தோவுக்கு விகிதாசாரச் சீட்டில் சுமார் 59.6 லட்சம் வாக்கு விழுந்தது. 289 தொகுதிக்குப் பங்கு போட்டால் தொகுதிக்கு இருபதாயிரத்துக்குச் சற்று மேல். இதில் லி.ஜ.க.காரர்கள் கைமாறாகப் போட்டதும் கலந்திருக்கும், உறுப்பினர்கள் எல்லாரும் சொன்னபடி எழுதியிருக்கவும் மாட்டார்கள். அதனால் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்குள் என்று பத்திரிகைகள் கணக்கு வைப்பது நியாயமாகவே தெரிகிறது. இந்த வாக்கு வீட்டிலேயே தங்கிவிட்டால் லி.ஜ.க. வேட்பாளருக்கு அவ்வளவு குறையும். எதிராளிக்கே போய்விட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகும்: இருபதாயிரம் நாற்பதாயிரமாகும்.

இந்த வாக்கை மற்றவர்கள் ஏன் உண்டாக்க முடியவில்லை என்பதற்கும் பதில் அமைப்பில்தான் உள்ளது. தேர்தல் அறிவித்ததும் உறுப்பினர்கள், முக்கியமாக மகளிர் பிரிவினர், பட்டியல் போட்டுத் தெரிந்தவர்களை அழைக்கத் தொடங்குவார்கள். பள்ளித் தோழி, பழைய அலுவலக நண்பர், குழந்தையின் வகுப்புத் தோழன் அம்மா. பல வருடம் பேசாத ஒருவர் திடீரென்று போன் செய்து நலம் விசாரித்தால், 'ஓ, தேர்தல் வந்துவிட்டதா' என்று ஜப்பானியர்கள் சிரிப்பது வழக்கம். இப்படி வெளியாளிடம் திரட்டும் வாக்குக்கு அமைப்புக்குள் 'எஃப் வாக்கு' என்று பெயர். எஃப் என்றால் ஃப்ரெண்ட். வாக்குப்பதிவு நாள் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வாக்களிக்கும் மையத்துக்குக் கையோடு கூட்டிப் போவதும் உண்டு. சம்பளம் எதுவும் கிடையாது. வாக்குப்பதிவு நாளில் மழை கொட்டினால் மற்ற கட்சிக்காரர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள், இவர்கள் குடை பிடித்துக்கொண்டு போவார்கள். வாக்குப்பதிவு குறையக் குறைய இந்த வாக்கின் மதிப்பு ஏறும்.

திட்டியவர்களே தேடி வந்த கதை

1993இல் லி.ஜ.க. முதன்முறையாக ஆட்சியை இழந்தபோது, அதை வீழ்த்திய பிரதமர் ஹொசோகாவாவின் கூட்டணியில் கோமெய்தோவும் ஒன்று, 4 அமைச்சர்கள். எதிர்வரிசையில் உட்கார்ந்த லி.ஜ.க. சோக்கா கக்காயைக் குறிவைத்தது. 1995 மார்ச்சில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழு டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயு விட்டதை அடுத்து மத அமைப்புகள் சட்டத்தைத் திருத்தும் பேச்சு வந்தது. அதைச் சாக்காக வைத்து இகேதாவே நாடாளுமன்றத்தில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். கடைசியில் டிசம்பரில் அமைப்பின் அப்போதைய தலைவர் அகியா வந்து பதில் சொன்னார்.

ஆனால் அதே 1995இல் இன்னொன்றும் நடந்தது. கோமெய்தோவின் பெரும்பகுதி கலந்திருந்த ஷின்ஷின்தோ என்ற புதிய கட்சி, மேலவைத் தேர்தலின் விகிதாசாரச் சீட்டில் லி.ஜ.க.வை முந்தியது. அந்த வாக்குகள் எதிர்ப்பக்கம் இருந்தால் எப்படி இருக்கும் என்பதை லி.ஜ.க. அனுபவித்துப் பார்த்தது. ஷின்ஷின்தோ 1997 முடிவில் உடைந்தது. 1998 நவம்பரில் கோமெய்தோ மீண்டும் தனிக் கட்சியானது. அதே ஆண்டு ஜூலையில் மேலவையில் அடி வாங்கிய லி.ஜ.க.வுக்கு மசோதாவை நிறைவேற்ற ஆள் தேவைப்பட்டது. முதல் விலையாகக் கோமெய்தோ கேட்ட சலுகைச் சீட்டுத் திட்டம் 1999இல் வந்தது: 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கும் முதியோரில் ஒரு பகுதியினருக்கும் ஆளுக்கு 20,000 யென் மதிப்பில், உள்ளூர்க் கடையில் ஆறு மாதத்துக்குள் செலவழிக்க வேண்டிய சீட்டு. அந்த அக்டோபரில் லி.ஜ.க. பிரதமர் ஒபுச்சியின் அரசில் கோமெய்தோ சேர்ந்தது.

கூட்டணியில் கிடைத்தது, கொடுத்தது

நிலம், உள்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சகம் ஜப்பானில் பொதுப்பணிப் பணம் ஓடும் வாய்க்கால். 2012 டிசம்பரிலிருந்து 2025 அக்டோபர் வரை அந்த நாற்காலியில் கோமெய்தோவின் ஐந்து பேர் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். லி.ஜ.க.வில் பலருக்கு இது வயிற்றெரிச்சல்.

நலத்திட்டத்தில் அதன் கைரேகை தெளிவாகத் தெரியும் இடம் இரண்டு. 2019 அக்டோபரில் நுகர்வு வரி 10 சதவீதமானபோது உணவுப் பொருளுக்கு 8 சதவீதமே நீடித்தது. அதற்கு விடாப்பிடியாக நின்றது கோமெய்தோ. இதனால் வந்த வேடிக்கை, கடையில் ஒரு சோற்று உருண்டை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனால் 8 சதவீதம், அதே கடையின் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம். (சந்தா கட்டி வாங்கும் செய்தித்தாளுக்கும் 8 சதவீதம்தான். சோக்கா கக்காய்க்கும் சொந்தமாக ஒரு பெரிய நாளிதழ் உண்டு என்பதை விமர்சகர்கள் மறக்காமல் சொல்வார்கள்.) இன்னொன்று 2020 ஏப்ரலில். வருமானம் சரிந்த குடும்பங்களுக்கு மட்டும் 3 லட்சம் யென் என்று அமைச்சரவை முடிவு செய்து பட்ஜெட்டும் தயாரான பிறகு, கோமெய்தோ தலைவர் நத்சுவோ யமகுச்சி பிரதமர் அபேயிடம் நேரே போய் ஆளுக்கு ஒரு லட்சம் யென் என்று மாற்ற வைத்தார். ஒப்புதல் ஆன பட்ஜெட்டைத் திரும்ப எழுதுவது அங்கே அபூர்வம்.

கொடுத்த விலை பாதுகாப்புக் கொள்கையில். தாக்கப்படும் நட்பு நாட்டுக்காகவும் ஜப்பான் படை போரிடலாம் என்ற 'கூட்டுத் தற்காப்பு' உரிமையை அபே அரசு 2014 ஜூலை 1ஆம் தேதி ஏற்றது. 2015 செப்டம்பரில் சட்டமானது. ஜப்பானின் இருப்புக்கே ஆபத்து என்றால் மட்டும் போன்ற நிபந்தனைகளைச் சேர்த்துப் பிரேக் போட்டோம் என்றது கோமெய்தோ. ஆனால் அந்த ஆண்டு நாடாளுமன்றத்துக்கு வெளியே நடந்த எதிர்ப்புக் கூட்டங்களில் நீலம், மஞ்சள், சிவப்பு மூவண்ணக் கொடி தெரிந்தது. அது சோக்கா கக்காயின் கொடி. பிடித்திருந்தவர்கள் சிறையில் இறந்த மகிகுச்சியின் பேரைச் சொல்லிக்கொண்டு வந்த சாதாரண உறுப்பினர்கள். பிரேக் வண்டியின் வேகத்தைக் குறைத்தது உண்மைதான். வண்டி போக வேண்டிய ஊருக்குத்தான் போனது.

இந்த நிலையைக் கேலி செய்ய ஜப்பானில் ஒரு பேச்சு உண்டு: 'கெத்தாவின் பனி'. கெத்தா என்பது மரச் செருப்பு. அதன் அடியில் ஒட்டிய பனி எவ்வளவு மிதித்தாலும் கூடவே வரும்.

பனி உருகத் தொடங்கியது

கீழவை விகிதாசார வாக்கில் 2005இல் கோமெய்தோ தொட்ட உச்சம் 89.8 லட்சம். 2021இல் அது 71 லட்சம், 2024இல் 59.6 லட்சம். 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 52 லட்சத்துக்கு இறங்கி, 8 இடம் மட்டும் கிடைத்தது. மேலவையையும் கீழவையையும் அப்படியே ஒப்பிட முடியாது என்றாலும், எந்தப் பக்கம் போகிறது என்பதில் சந்தேகமில்லை.

முதல் காரணம் வயது. 1950, 60களில் சேர்ந்தவர்கள் இப்போது தாத்தா பாட்டிகள். பிள்ளைகள் பெயருக்கு உறுப்பினர்; போன் எடுத்துப் பழைய தோழர்களை அழைக்கும் வேகம் அவர்களுக்கு இல்லை. 2010க்குப் பிறகு பொதுவெளியில் தோன்றாத இகேதா 2023 நவம்பரில் 95 வயதில் மறைந்தார். அடுத்த காரணம் இடத் தகராறு. 2023இல் டோக்கியோவில் கூடுதலாகக் கிடைத்த தொகுதிகளைப் பங்கிடுவதில் மோதல் வந்து, டோக்கியோவில் இரு கட்சிகளுக்கும் இடையே நம்பிக்கை தரைமட்டமானது என்று கோமெய்தோவின் கெய்ச்சி இஷி வெளிப்படையாகவே சொன்னார். ஒசாகாவில் முன்பெல்லாம் அந்த வட்டாரத்தில் பலமான இஷின் கட்சி கோமெய்தோ தொகுதிகளில் ஆள் நிறுத்தாது. 2024இல் நிறுத்தியது, அங்கே கோமெய்தோ நின்ற நான்கும் போயின.

மூன்றாவதுதான் முறிவுக்கு நேரடிக் காரணம்: லி.ஜ.க.வின் கறுப்புப் பணம். நிதி திரட்டும் விருந்துகளின் டிக்கெட் பணத்தில் ஒரு பகுதி கணக்கில் வராமல் உறுப்பினர்கள் கைக்குப் போனது 2023 கடைசியில் வெடித்தது. அதில் பெயர் அடிபட்ட சிலருக்கும் 2024இல் கோமெய்தோ ஆதரவுக் கடிதம் கொடுத்தது. கதவைத் தட்டும் உறுப்பினருக்கு அதன் கஷ்டம் தெரியும். 'நேர்மை' என்று பெயர் வைத்த கட்சிக்காரர், அடுத்த கட்சிக்காரரின் கறுப்புப் பணத்துக்கு வாசலில் நின்று சமாதானம் சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலில் நின்ற 11 தொகுதியில் ஜெயித்தது 4. ஒரு மாதம் முன் தலைவராகியிருந்த இஷியே தோற்றார். தொகுதியில் நிற்பவரை விகிதாசாரப் பட்டியலிலும் சேர்க்கும் வழக்கம் கோமெய்தோவுக்கு இல்லாததால் அவருக்கு மாற்று வழியும் இல்லை. 2009இலும் அப்போதைய தலைவர் ஓத்தா இப்படித்தான் தோற்றார்.

அக்டோபர் 10: எதில் முறிந்தது?

தகாய்ச்சி வந்ததும் கோமெய்தோ மூன்று விஷயத்தை எழுப்பியது.

1. யசுகுனி ஆலயமும் வரலாற்றுப் பார்வையும். போரில் இறந்தவர்களோடு போர்க்குற்றவாளிகளும் வணங்கப்படும் ஆலயம் அது. தகாய்ச்சி தொடர்ந்து அங்கே போனவர். கோமெய்தோவுக்கு இது வெறும் கொள்கை இல்லை. 1972இல் அப்போதைய தலைவர் தகெயிரி பெய்ஜிங்கில் சீனப் பிரதமர் சூ என்லாயைப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்ததுதான் சீனாவுடன் உறவு மீண்டும் அமையப் பாதை போட்டது. அந்தப் பெருமையை அவர்கள் இன்னும் சுமக்கிறார்கள்.

2. வெளிநாட்டவர் மீது காட்டப்படும் கடுமை.

3. நிறுவனங்கள் தரும் நன்கொடை. லி.ஜ.க.வுக்கு நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கிளைகள். பெரும்பாலும் ஒவ்வொரு அரசியல்வாதியின் பணப்பையாகவே அவை இயங்குகின்றன. நன்கொடையைக் கட்சித் தலைமையகமும் மாகாண அமைப்பும் மட்டும் வாங்கலாம் என்று சட்டம் போடுங்கள் என்றது கோமெய்தோ.

முதல் இரண்டிலும் ஓரளவு பேசித் தீர்த்தார்கள். மூன்றாவதில் கட்சிக்குள் கலந்துதான் சொல்ல முடியும் என்றார் தகாய்ச்சி. அந்த பதில் போதாது என்று சைத்தோ எழுந்துவிட்டார். கொள்கை வேறுபாடு பெரிது, காரணம் பணம் என்று சொன்னது ஒரு சாக்கு என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசலில் நின்று பதில் சொல்ல முடியாமல் தவித்தவர்களுக்கு யசுகுனியைவிடப் பணக் கணக்குதான் எரிந்திருக்கும்.

நாடாளுமன்றக் கணக்கில் ஓட்டை சீக்கிரமே அடைபட்டது. அமைச்சர் பதவி வாங்காமல் ஆதரவு தர இஷின் முன்வந்தது. அக்டோபர் 21ஆம் தேதி 237 வாக்கோடு தகாய்ச்சி ஜப்பானின் முதல் பெண் பிரதமர் ஆனார். ஆனால் இஷினின் பலம் ஒசாகா வட்டாரத்தில்தான். ஹொக்கைடோவிலோ கியூஷுவிலோ லி.ஜ.க. வேட்பாளருக்கு இருபதாயிரம் பேரைக் குடையோடு அனுப்ப அதனால் முடியாது.

கூட்டாளி மாறியது, பண்டமாற்று மாறவில்லை

2026 ஜனவரியில் தகாய்ச்சி கீழவையைக் கலைத்தார். அதற்கு முன்பே கோமெய்தோ அதுவரை எதிரே இருந்த அரசியலமைப்பு ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து 'நடுநிலைச் சீர்திருத்தக் கூட்டணி' என்ற புதிய கட்சியைத் தொடங்கியிருந்தது. ஏற்பாடு பழையதுதான். கோமெய்தோ ஆட்கள் தொகுதிகள் அனைத்திலிருந்தும் விலகிக்கொண்டு விகிதாசாரப் பட்டியலின் மேல்வரிசையை வாங்கிக்கொண்டார்கள். கைமாறாக, முதல் சீட்டில் உறுப்பினர்கள் எழுத வேண்டிய பெயர் இப்போது லி.ஜ.க.காரருடையது அல்ல, அதன் எதிராளியுடையது.

பிப்ரவரி 8ஆம் தேதி முடிவு வந்தது. லி.ஜ.க. தனித்தே 316 இடம், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். புதிய கட்சிக்கு 49. சேருவதற்கு முன், 2024இல், அதே இரண்டு கட்சிகளும் தனித்தனியே வென்றதைக் கூட்டினால் 172 வரும். பிரதமர் மீதிருந்த மோகம் அலையாக அடித்தபோது தொகுதிக்கு இருபதாயிரம் வாக்கு அணையாக நிற்கவில்லை. மயிரிழைப் போட்டியில்தான் அந்த வாக்குக்கு விலை. ஐம்பதாயிரத்தில் தோற்கிற இடத்தில் அது யார் கண்ணிலும் படாது.

49 பேரில் கோமெய்தோவிலிருந்து வந்தவர்கள் 28. நிறுத்திய 28 பேரும் ஜெயித்துவிட்டார்கள். முன்பு இருந்த 24ஐவிட நான்கு கூடுதல். பெரிய கட்சியாக வந்து சேர்ந்த கூட்டாளிக்கு மிஞ்சியது 21. இரண்டு இணைத் தலைவர்களும் பதவி விலகினார்கள். வாக்கைக் கொடுத்து இடத்தை வாங்கும் வியாபாரத்தில் இந்தத் தடவை யார் ஏமாந்தார்கள் என்று அந்தக் கட்சிக்குள் இன்னும் முணுமுணுப்பு ஓயவில்லை.

மேலவை உறுப்பினர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் புதிய கட்சிக்குப் போகாமல் கோமெய்தோவிலேயே இருக்கிறார்கள். நகரசபை, மாகாண சபை உறுப்பினர்கள் மட்டும் ஏறத்தாழ 3,000 பேர். குழாயில் தண்ணீர் வரவில்லை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இடம் வேண்டும் என்று ஜனங்கள் போய்ப் பார்ப்பது இவர்களைத்தான். அவர்களில் பெரும் பகுதியினர் 2027 ஏப்ரலில் நடக்கும் ஒருங்கிணைந்த உள்ளாட்சித் தேர்தலைச் சந்திக்க வேண்டும். சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் அந்தத் தேர்தலில் விகிதாசாரச் சீட்டு கிடையாது. யாரோடும் மாற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது; ஒரு சீட்டு, அதில் சொந்த ஆளின் பெயர்.